அம்மாவிடம் சொல்லாத நாய்க்கடி

எனக்கு எட்டு வயதிருக்கும். பக்கத்துத் தெரு வீட்டு வாசலில் நாய் சட்டியில் சோறு தின்றுகொண்டிருந்தது. எங்கள் பந்து உருண்டுபோய் அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றது. எடுக்கக் குனிந்தேன். கெண்டைக்காலில் பல் பதிந்தது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்கள் என்று வகுப்பில் ஒருவன் சொல்லியிருந்தான். அந்தப் பயம் ஒருபக்கம். "உன்னை யாருடா அங்க போகச் சொன்னா?" என்ற கேள்வியோடு முதுகில் விழப்போகும் அடியைப் பற்றிய பயம் இன்னொரு பக்கம். மூன்றாம் நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அம்மாவின் கை அந்த இடத்தில் பட, கத்திவிட்டேன். முதலில் அடி விழுந்தது. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. பதினாலு ஊசியும் போட்டார்கள், ஒன்றுகூடக் குறையவில்லை.

நான் பிழைத்ததற்குக் காரணம் ஊசி மட்டுமல்ல, அந்த எண்ணெய்க் குளியலும்தான். உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அண்டை வீட்டு நாய் கடித்ததை அவன் ஒரு மாதத்துக்கும் மேலாகப் பெற்றோரிடம் சொல்லாமல் மறைத்தான். காரணம் பயம். தண்ணீரைக் கண்டு நடுங்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் விஷயம் தெரிந்தது. 2023 செப்டம்பரில் அவன் இறந்துபோனான். எட்டாம் வகுப்புப் படித்த பையன், வாய் பேசத் தெரிந்தவன். அவனே சொல்லவில்லை என்றால் மூன்று வயதுக் குழந்தையைப் பற்றி என்ன சொல்வது?

நாய்க்கடி என்றதும் நாய்களைப் பற்றியும் மாநகராட்சியைப் பற்றியும் நீதிமன்றத்தைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின, 43 பேர் ரேபிஸ் நோயால் இறந்தார்கள். வெறிநாய் எனச் சந்தேகிக்கப்படும் விலங்கிடம் கடிபடுபவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் வீட்டுக்குள் பெற்றோரால் மட்டுமே செய்ய முடிந்த காரியங்கள் சில இருக்கின்றன. அவற்றில் முதலாவது, "நாய் கடிச்சா, கீறினா, நக்கினா உடனே வந்து சொல்லு, அடிக்கவே மாட்டேன்" என்று குழந்தைக்குச் சொல்லி வைப்பது. சொன்னபடி அடிக்காமலும் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். பதறிப்போன தாயின் கை முதலில் ஓங்கத்தான் செய்யும். என் அம்மாவை இன்றும் நான் குறை சொல்ல மாட்டேன்.

குழந்தைகளுக்குக் கடி அதிகமாகவும் ஆழமாகவும் விழுவதற்கு உயரம் ஒரு காரணம். பெரியவர்களைக் கடிக்கும் நாய் காலைக் கடிக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையின் முகம் நாயின் முகத்துக்கு நேராக இருக்கிறது. அதுவும் குழந்தை நாயைக் கட்டிப் பிடிக்கும், கண்ணோடு கண் பார்க்கும், காதைத் திருகும், வாலை இழுக்கும். நமக்கு அது பாசம். நாயின் பாஷையில் முகத்துக்கு முகம் வைத்து முறைப்பதும் மேலே சாய்ந்து அழுத்துவதும் வம்புக்கு இழுப்பதாகும். தலை, முகம், கழுத்தில் படும் கடி மூளைக்கு வெகு அருகில் படும் கடி. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் தலையில் கடிபட்ட ஐந்து வயதுக் குழந்தை ஒன்று, தடுப்பூசி போட்டிருந்தும் 2025 ஏப்ரலில் ரேபிஸால் இறந்தது. தடுப்பூசி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. முகத்திலும் தலையிலும் பட்ட காயத்துக்கு ஒரு மணி நேரத் தாமதம்கூட ஆகாது என்பதும், முதலில் கடி படாமல் காப்பதற்கு ஈடாக எந்த மருந்தும் இல்லை என்பதும்தான் அர்த்தம்.

"எங்க வீட்டு டாமி ஒண்ணும் பண்ணாது" என்பது நாய் வளர்க்கும் எல்லா வீட்டிலும் கேட்கும் வாக்கியம். பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் சின்னக் குழந்தைகளைக் கடிப்பவை எல்லாம் ஊர் பேர் தெரியாத தெருநாய்கள் அல்ல. வீட்டு நாயோ, தாத்தா வீட்டு நாயோ, தினம் பிஸ்கட் வாங்கித் தின்னும் எதிர்வீட்டு நாயோ கடிப்பதும் சகஜம். பழகிய நாய் என்பதால்தான் நாம் எழுந்து அடுப்படிக்குப் போகிறோம். குக்கர் விசில் அடிக்கிறது, போன் மணி அடிக்கிறது, குழந்தையும் நாயும் கூடத்தில் தனியாக. இந்த இரண்டு நிமிடம்தான் ஆபத்து.

ஆறேழு வயதுவரை குழந்தையும் நாயும் ஒரே இடத்தில் இருந்தால், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்கெட்டும் தூரம் போதாது. சோபாவில் சாய்ந்துகொண்டு செல்போனைத் தேய்த்தபடி "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பது பார்ப்பதாகாது. நாய் பாய்வதற்கு ஒரு நொடி போதும், நாம் எழுவதற்கு மூன்று நொடி வேண்டும். எழுந்து போக வேண்டியிருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம், அல்லது நாயை இன்னோர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தலாம். பத்து வயது அக்காவைக் காவல் வைப்பது கணக்கில் சேராது. அவளும் குழந்தைதான்.

பிரசவத்துக்குப் பின் கைக்குழந்தை வீட்டுக்கு வரும்போது நாய்க்கும் அது புது விஷயம். அதுவரை வீட்டின் செல்லப்பிள்ளை அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையின் துணி ஒன்றை முன்கூட்டியே கொண்டுவந்து மோந்து பார்க்க விடுவது நல்லது. தொட்டில் கட்டும் அறைக்குள் நாய் வராமல் பழக்குவதை ஏழாம் மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். குழந்தை வந்த அன்றைக்குத் திடீரென்று நாயைக் கொல்லைப்புறத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிடும் வீடுகள் உண்டு. நாள் முழுக்கக் கட்டியே கிடக்கும் நாய் சாதுவாகாது, வெறுத்துப்போய் அதிகம் சீறும். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடக்க ஓட விடாமல் அலட்சியம் செய்வது குற்றமும்கூட.

கடிப்பதற்கு முன் நாய் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கடிக்கிறது. நமக்குத்தான் அது காதில் விழுவதில்லை. தூக்கம் வராமலே கொட்டாவி விடும். எதிரில் தின்பண்டம் இல்லாமலே நாக்கால் மூக்கை நக்கிக்கொள்ளும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால், விழிவெள்ளை தெரியப் பார்க்கும். உடம்பு கட்டைபோல் விறைத்து நிற்கும். அப்புறம்தான் உறுமல். வாலை ஆட்டுவதாலேயே சந்தோஷமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. உடம்பு இறுகி, வால் மட்டும் விறைப்பாக ஆடினால் அது எச்சரிக்கை. குழந்தையைப் பார்த்து உறுமியது என்று நாயை அடிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும், எரிச்சலை நிறுத்தாது. அடுத்த முறை முன்னறிவிப்பு இல்லாமல் நேராகக் கடிதான். உறுமினால் குழந்தையை விலக்குங்கள், நாய்க்கு ஒதுங்கிப்போக இடம் விடுங்கள். அதற்குப் பின்னும் தொடர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலி, பல் வலி, மூட்டு வலி இருக்கும் நாயும் தொட்டால் கடிக்கும்.

குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதை விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தால்தான் மனதில் நிற்கும். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் ஆகிய மூன்றின் பக்கமும் போகக் கூடாது (நான் மாட்டிக்கொண்டது முதலாவதில்). அடுத்தவர் நாயைத் தொட வேண்டுமென்றால் முதலில் நம்மைக் கேட்க வேண்டும், பிறகு நாய்க்காரரைக் கேட்க வேண்டும். தெருவில் நாய் எதிரே வந்தால் ஓடக் கூடாது. ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக் குணம். "மரம்" என்றதும் கையை உடம்போடு ஒட்டிவைத்து, கீழே பார்த்து, சத்தம் போடாமல் அசையாமல் நிற்க வேண்டும். "மூட்டை" என்றதும் குப்புறச் சுருண்டு, பின்கழுத்தையும் காதையும் கைகளால் பொத்திக்கொள்ள வேண்டும். கூடத்தில் நாலு நாள் விளையாட வைத்தால் உடம்பு பழகிவிடும். ஆனால் ஒன்று, இதையெல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டதால் ஐந்து வயதுப் பிள்ளையைத் தனியாகக் கடைக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. பயத்தில் குழந்தை ஓடத்தான் செய்யும்.

மார்கழியில் இணை தேடி நாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரிவது ஊரறிந்தது. அந்தக் கூட்டத்தின் குறுக்கே விடிகாலையில் பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஆக அடுத்த இரண்டு மாதத்தில் தெருவோரத்திலும் கட்டுமான மணல் மேட்டிலும் குட்டிகள் கிடக்கும். குட்டியைத் தூக்காத குழந்தை உண்டா? தாய் நாய் பாய்வது அப்போதுதான். குட்டிதானே, பல்லே முளைக்கவில்லையே என்று அதன் கீறலையும் விட்டுவிடக் கூடாது. குட்டிக்கும் ரேபிஸ் வரும்.

இனி, கடித்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மருந்து குழாயடியில் இருக்கிறது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். குழந்தை கத்தும், பாட்டி "போதும் விடு" என்பார், இரண்டாம் நிமிடமே கை தளரும். விடாதீர்கள். ரேபிஸ் கிருமியின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்து அழிக்கிறது. கழுவும் தண்ணீரோடு எவ்வளவு கிருமி போகிறதோ அவ்வளவு நல்லது. காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி, வேப்பெண்ணெய் என்று வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் இருக்கிறது. எதையும் அப்ப வேண்டாம். அவை கிருமியைக் கொல்வதில்லை, காயத்தைக் கிளறிக் கிருமியை உள்ளே தள்ளும், மருத்துவர் பார்க்க வேண்டிய காயத்தை மூடியும் விடும். மந்திரித்துக் கயிறு கட்டுவதை உங்கள் நம்பிக்கைக்கு விட்டுவிடுகிறேன், ஊசி போட்டு வந்த பிறகு கட்டுங்கள்.

மருத்துவர் காயத்தை மூன்று வகையாகப் பிரிப்பார். தோல் முழுசாக இருக்கும் இடத்தில் நக்கியது, தடவிக்கொடுத்தது மட்டும் என்றால் முதல் வகை, ஊசி வேண்டாம். ரத்தம் வராத சிராய்ப்பு, லேசான கவ்வல் என்றால் இரண்டாம் வகை, தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி அல்லது கீறல், ஏற்கெனவே இருந்த புண்ணில் நக்கியது, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது என்றால் மூன்றாம் வகை. மூன்றாம் வகைக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் சீரம் என்று சொல்லும் இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளேயும் காயத்தைச் சுற்றியும் செலுத்த வேண்டும். தடுப்பூசி உடம்பைத் தயார்ப்படுத்திப் போர்வீரர்களை உருவாக்கப் பல நாள் பிடிக்கும். சீரம் தயாராக வந்திறங்கும் படை, அந்த இடைவெளியில் காயத்திலேயே கிருமியை மடக்குகிறது. முதல் நாளே போடுவதுதான் முறை. அன்று கிடைக்காவிட்டால் முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள்ளாவது போட வேண்டும்.

இங்கே பெற்றோர் ஒரு தவறு செய்கிறோம். காயத்திலேயே ஊசி குத்தும்போது குழந்தை துடிக்கும். கன்னத்திலோ விரல் நுனியிலோ என்றால் இன்னும் மோசம். "வேணாம் சார், ஏற்கெனவே கை ஊசி போட்டாச்சே" என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் உயிர் காக்கும் பாதி மருந்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். அதேபோல், பெண் குழந்தை முகத்தில் தழும்பு விழுந்துவிடும், உடனே தையல் போடுங்கள் என்று வற்புறுத்துவதும் நடக்கிறது. நாய்க்கடிக் காயத்தை அவசரப்பட்டுத் தைப்பதில்லை. தைத்தே ஆக வேண்டுமென்றால் சீரம் செலுத்திய பிறகு, தளர்வாக. அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசம். ஆதார் அட்டை தேடிப் பீரோவைக் குடைய வேண்டாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். பக்கத்து சுகாதார நிலையத்தில் சீரம் இல்லையென்றால், முதல் தடுப்பூசியை அங்கேயே போட்டுக்கொண்டு, சீரம் எங்கே இருக்கிறது என்று எழுதி வாங்கி அன்றே அங்கே போங்கள். 104-க்கு அழைத்தும் கேட்கலாம். பெரிய காயம் என்றால் 108.

தோலுக்குள் போடும் முறையில் இரண்டு கைகளிலும் நான்கு தவணை: 0, 3, 7, 28-ஆம் நாள்கள். தசையில் போடும் முறையில் ஐந்து தவணை: 0, 3, 7, 14, 28. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தசை ஊசியைத் தொடையில் போடுவார்கள், பிட்டத்தில் போடக் கூடாது. தவணைக் கணக்கில் வரும் அந்தச் சுழியம்தான் பலரைக் குழப்புகிறது. கடிபட்ட நாள் சுழியம் அல்ல, முதல் ஊசி போட்ட நாள்தான் சுழியம். திங்கட்கிழமை முதல் ஊசி என்றால் அடுத்தது வியாழன். மூன்று ஊசியோடு காயம் ஆறிவிடும், குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிடும், 28-ஆம் நாள் மறந்துபோகும். தினசரி காலண்டரில் அந்தத் தாளைக் கிழிக்கும் நாளுக்கு முன்பே பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள். ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாளே போய்ப் போட்டுக்கொள்ளலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. காய்ச்சல் இருக்கிறது, பிறந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்ற எதுவும் இதற்குத் தடையில்லை. பத்தியமும் இல்லை. கத்தரிக்காய் சாப்பிடலாம்.

அந்தத் தொப்புள் ஊசி எங்கே போயிற்று என்கிறீர்களா? அது ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்த பழைய மருந்து. குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்திலும் அது தயாராகித் தென்னிந்தியா முழுக்கப் போய்ச் சேர்ந்தது. 2004-ன் முடிவில் இந்தியா அதை அடியோடு கைவிட்டது. ஆனால் பதினாலு ஊசிக் கதை மட்டும் இன்னும் பள்ளிக்கூட பெஞ்சுகளில் உயிரோடு இருக்கிறது. பிள்ளைகளிடம் "இப்போ கையிலதான், எறும்பு கடிச்ச மாதிரி" என்று சொல்லி அந்தக் கதையைக் கொல்ல வேண்டும். அது கொல்லப்படாமல் இருப்பதால்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். உலகில் ரேபிஸ் தடுப்பூசிச் சிகிச்சை பெற்றுப் புகழ்பெற்ற முதல் ஆளே ஒரு குழந்தைதான். 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனை அவன் அம்மா அல்சாஸ் பகுதியிலிருந்து பாரீஸுக்கு லூயி பாஸ்டரிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தத் தாய் தாமதிக்கவில்லை.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடும் ஆத்திரம் தெருவில் கிளம்பும். அது சட்டப்படியும் தப்பு, நமக்கும் நஷ்டம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு விலங்கைக் கொல்வதற்கும் விஷம் வைப்பதற்கும் ஐந்து ஆண்டுவரை சிறை வைத்திருக்கிறது. அதைவிட முக்கியம், அந்த நாய் பத்து நாள் உயிரோடும் நலமாகவும் இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று பொருள். மீதித் தவணையை என்ன செய்வதென்று மருத்துவர் அதைவைத்து முடிவு செய்வார். ஆனால் "பத்து நாள் பார்ப்போம், அப்புறம் ஊசி போடலாம்" என்று தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். ஊசி இன்றே தொடங்க வேண்டும், நாயைப் பார்ப்பது அதோடு கூடவே நடக்க வேண்டும். அறிகுறி தோன்றப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். தோன்றிவிட்டால் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம் என்று உரிமையாளர் சத்தியம் செய்தாலும் குழந்தையை மருத்துவரிடம் காட்டுவதை நிறுத்தாதீர்கள். வீட்டிலேயே நாய் இருக்கிறதென்றால், கடிக்கு முன்பே குழந்தைக்குப் போடும் முன்தடுப்பூசி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது? 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூங்காக் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. குழந்தை இருந்தது, அவள் விளையாடும் இடத்தில். தாய் அருகிலேயே இருந்தார். இங்கே பெற்றோரின் கவனத்தைக் கேள்வி கேட்பதில் நியாயமில்லை. கட்டாத நாய்தான் கேள்வி. உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

இன்றைய சட்டத்தில் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் வரும். தன் பொறுப்பிலுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய ஏற்பாடு செய்யாதவருக்கு, தெரிந்தே விட்டிருந்தாலும் அலட்சியத்தால் என்றாலும், ஆறு மாதம்வரை சிறை, 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பலத்த காயம் என்றால் 125-ஆம் பிரிவும் சேரும், அதில் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிவு செய்யும் விபத்துப் பதிவேட்டின் நகல், ஓ.பி. சீட்டு, ஊசி அட்டை, மருந்து பில், முதல் நாள் எடுத்த காயத்தின் படங்கள் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு வையுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள். புகாரை அவர்கள் வாங்க மறுத்தால் அதை எழுத்தில் தபால் வழியே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப சட்டமே வழி வைத்திருக்கிறது.

சிகிச்சைச் செலவுக்கும் நஷ்டஈட்டுக்கும் உரிமையியல் நீதிமன்றத்தில் குழந்தையின் சார்பில் பெற்றோர் வழக்குப் போடலாம். "உங்க பிள்ளைதான் வாலை இழுத்துச்சு" என்று எதிர்த்தரப்பு சொல்லும். மிகச் சின்னக் குழந்தையிடம் பெரியவர்களின் நிதானத்தை எதிர்பார்க்க முடியாது என்பதே நீதிமன்றங்களின் பொதுவான பார்வை. வழக்குச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவானாலும் சட்ட உதவி இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். பெற்றோர்மீதே வழக்கு வருமா என்றும் சிலர் கேட்கிறார்கள். குழந்தையை வேண்டுமென்றே கைவிடுவதும் புறக்கணிப்பதும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் குற்றம். கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்த விபத்து அதில் சேராது. அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரியில் "கம்பி கிழிச்சிடுச்சு" என்று பொய் சொல்லிவிடாதீர்கள். சொந்த வீட்டு நாய் கடித்தால் இந்தப் பொய் அதிகம் வருகிறது. பொய் சொன்னால் கிடைப்பது கம்பிக்கான ஊசிதான்.

தெருநாய் என்றால் பொறுப்பு உள்ளாட்சியினுடையது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் பெற்றோர் கையில் எடுக்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது. நாய்களுக்கு உணவு வைக்கும் இடம் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் படிக்கட்டுக்கும் கட்டட வாசலுக்கும் தள்ளி இருக்க வேண்டும், குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் நடமாடாத நேரத்தில் வைக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் உணவு வைப்பவரோடு சண்டை போடுவதைவிட இந்த விதியைக் காட்டி இடத்தை மாற்றுவது சுலபம். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது, ரேபிஸ் சந்தேகமுள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அவற்றை அங்கேயே திரும்ப விடக் கூடாதென்றும், வேலி அமைக்கவும் உத்தரவிட்டது. உங்கள் பிள்ளையின் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டியது இதைத்தான்: சுற்றுச்சுவரில் ஓட்டை எங்கே, சத்துணவு மிச்சத்தை எங்கே கொட்டுகிறார்கள்? கிராமமானால் கிராம சபையில் கேட்கலாம். சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைக்கலாம்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது பக்கத்து வீடு. புகார் கொடுத்தால் முகம் பார்க்க முடியாது, கொடுக்காவிட்டால் நாளைக்கு இன்னொரு குழந்தை. கடிபட்ட அன்றைக்கு நாய்க்காரரிடம் தடுப்பூசிப் புத்தகம் கேட்டால் அது சண்டையாகத்தான் முடியும். ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண நாளில் கேட்டுவிட வேண்டும். போன மாதம் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் லேப்ரடார் ஒன்றோடு வந்தார்கள். பால் காய்ச்சிய அன்றே என் பேத்தி படிக்கட்டில் பாதி ஏறிவிட்டாள். நான் பின்னாலேயே போய், "வாங்க தம்பி, வீடு பிடிச்சிருக்கா?" என்று ஆரம்பித்து, "இவனுக்கு வெறிநாய்த் தடுப்பூசி எப்பப் போட்டீங்க?" என்று கேட்டேன். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. உள்ளே போய்ப் பெட்டிகளைக் கிளறி ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஜனவரியில போட்டது ஐயா. ஆனா சாப்பிடறப்ப மட்டும் பக்கத்துல போனா பிடிக்காது இவனுக்கு."

"எனக்குத் தெரியும்," என்றேன், கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே.